கேதீஸ் எடுத்த வாக்கு

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். நான் முதலில் கண்டது, நீளமான ஓர் இரும்புக் கம்பி ஒரு கேக்கின் வயிற்றுக்குள் இறங்கியதை.

விசா இல்லாதவர்களை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமின் பார்வையாளர் வாசல் அது. ஒலிம்பிக் போட்டிக்காகச் சிட்னி நகரமெங்கும் குழி தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஜனவரி ஞாயிறு. மேசைக்குப் பின்னால் நின்ற காவலர் கம்பியை வெளியே இழுத்தார். நுனியில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ன இது?"

"கசகசா" என்றார் கேக்கைக் கொண்டுவந்த மூதாட்டி. அவர் ஊர்க் கசகசா கருப்பு. ஆங்கிலத்தில் கசகசாவின் பெயருக்குள் அபின் செடியின் பெயரும் இருக்கிறது. காவலர் நிமிர்ந்து பார்த்தார்.

"இதைத் தின்று இங்கே ஒருவர் மயங்க வேண்டுமென்றால் நான் ஒரு லொறி நிறையக் கொண்டுவர வேண்டும்" என்றார் மூதாட்டி. "ஒன்றுதான் சுட்டேன். ஒரு துண்டு சாப்பிட்டுப் பார். வாயைத் திற. கீழ்வரிசைப் பல் இவ்வளவு நெருக்கமா? சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லையா?"

காவலர் வாயை மூடிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கேக் உள்ளே போனது.

அவர் திருமதி க்ளைன். எழுபதைத் தாண்டியவர். ஹங்கேரியில் பிறந்த யூதர். பொண்டாய்ப் பக்கம் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் இரண்டு ரயில் மாறி லெய்ட்டன்ஃபீல்ட் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து வருவார். எதற்காக வருகிறார் என்று யாராவது கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷனில் ஒன்றுமில்லை" என்பார்.

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் சனிக்கிழமை முகாமிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி வந்திருந்தது.

"எனக்கு வாக்கு வந்திட்டுது"

பேசியது கேதீஸ். முல்லைத்தீவுக் கடற்கரையில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவர். வயது முப்பதை ஒட்டி. மனைவி ஊரில். அவருடைய அகதி விண்ணப்பம் இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. கடைசி மேல்முறையீடு மட்டும் மிச்சம். அவருக்காக நான் இடைக்கிடை மொழிபெயர்க்கப் போவேன். சம்பளமில்லாத வேலை.

அவர் ஏன் ஊருக்குத் திரும்ப முடியாது என்பதை மூன்று வசனத்தில் சொல்லிவிடலாம். அவருடைய அண்ணனை இராணுவச் சோதனைச்சாவடி ஒன்றில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு அண்ணனைக் கண்டவர் இல்லை. அடுத்த கிழமை அதே இடத்தில் கேதீஸின் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள்.

"அக்கா, திங்கட்கிழமை நான் கையெழுத்து வைக்கப் போறன்" என்றார் தொலைபேசியில்.

"எதுக்கு?"

"திரும்பிப் போறதுக்கு. என்ர விருப்பத்தில போறன் எண்டு ஒரு தாள் இருக்கல்லோ, அதுக்கு. ஒபிசர் பத்து மணிக்கு வாறாராம்."

"தம்பி, உமக்கென்ன விசரா? போனா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே?"

"எனக்கு வாக்கு வந்திட்டுது அக்கா. எட்வின் ஐயாவின்ர சீட்டில வந்தது. சிறையிருப்பு எண்டே எழுதியிருக்கு. நான் இருக்கிறதும் சிறைதானே? திரும்பிவரப்பண்ணுவேன் எண்டு கடவுள் சொல்லுறார். இனி நான் என்ன யோசிக்கிறது?"

அவர் குரலில் கலக்கமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மூன்று வருடங்களில் அவர் அவ்வளவு நிம்மதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிளாக்டவுன் கராஜ்

எட்வின் யார் என்று சொல்ல வேண்டும்.

மலேசியாவில் கிள்ளான் பக்கம் பிறந்தவர். சிட்னிக்கு எஞ்சினியரிங் படிக்க வந்து, இங்கேயே நின்று, நிலத்துக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். போதகர் பட்டம் எதுவும் இல்லை. பிளாக்டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் காரை வெளியே எடுத்துவிட்டு, கராஜில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டு ஜெபக்கூட்டம் நடத்துவார். சைவ சமயத்தைச் சேர்ந்த நானும் அவருடைய மனைவி செய்யும் மீன் கறிக்காக ஓரிரு முறை போயிருக்கிறேன்.

கராஜ் சுவரில் ஒரு நீளமான படம் ஒட்டியிருந்தது. குழாய் வரைபடம் மாதிரியே அவர் கையால் வரைந்தது. இடது ஓரத்தில் யூத ஜனம் எருசலேமை இழப்பது. நடுவில் பல நிற அம்புகளாக அவர்கள் உலகமெங்கும் சிதறுவது. வலது பக்கத்தில் அந்த அம்புகளெல்லாம் வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வருவது.

"ரெண்டாயிரம் வருஷம், சிஸ்டர்" என்பார். "எரிச்சாங்க, துரத்துனாங்க, கொன்னாங்க. மத்த ஜனமா இருந்தா கரைஞ்சு போயிருக்கும் லா. இவங்க கரையலை. கூட்டிச் சேர்ப்பேன்னு தீர்க்கதரிசி முன்னாடியே எழுதி வச்சிட்டான். சொன்ன மாதிரியே நடந்துச்சா இல்லையா? நீங்க பேப்பர்ல வேலை பார்த்தவங்க, சொல்லுங்க."

நான் வேலை பார்த்தது கொழும்பில், நீதிமன்றச் செய்திப் பிரிவில். எங்கள் செய்தி ஆசிரியர், நடக்கப்போவதைப் பற்றி யாராவது எழுதிக்கொண்டு வந்தால் சிவப்புப் பேனையால் வெட்டுவார். "நடந்ததை எழுது. நடக்கப்போறதைப் பஞ்சாங்கக்காரன் எழுதுவான்" என்பார். அந்தப் பழக்கத்தில் எட்வினுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் சுவரிலிருந்த அந்த அம்புகளை மீன் கறி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

அதற்கு எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு அகதி முகாமிலிருந்து எங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். ஒலிபெருக்கியில், "உங்களை உங்கள் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறோம்" என்று தமிழில் அறிவித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் மூன்று தலைமுறையாகக் கொழும்பில் வாழ்ந்த குடும்பத்தவள். அவள் மடியில் ஒரு தையல் மெசினின் தலைப்பாகம் மட்டும் இருந்தது. "அக்கா, இவங்க எந்த ஊரைச் சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள். காங்கேசன்துறையில் இறங்கியபோது, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் அவள் நின்றாள்.

திரும்புதல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தத் தையல் மெசின்தான் ஞாபகம் வரும்.

சீட்டு

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது வருடத்துக்கு வாக்குத்தத்த அட்டை எடுப்பது. சின்னச் சின்ன அட்டைகளில் வேதாகம வசனங்களை அச்சடித்து, தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருடம் முழுவதும் ஆண்டவர் அவருக்குத் தரும் வாக்கு. வீட்டில் கண்ணாடியில் செருகி வைப்பார்கள், பர்சில் வைத்துக்கொள்வார்கள். ஆறுதலுக்கான வழக்கம். அதில் யாரும் பயணச்சீட்டு வாங்குவதில்லை.

எட்வின் அந்த வருடம் ஒரு தட்டு அட்டைகளை வில்லாவுட்டுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த தமிழர்களில் அநேகர் சைவர்கள். அவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும்: கிளிச் சாத்திரம். கூட்டைத் திறந்தால் கிளி வெளியே வந்து அடுக்கிலிருந்து ஒரு சீட்டை இழுக்கும்; அந்தச் சீட்டு பொய் சொல்லாது. கோயிலில் உருவேறி வாக்குச் சொல்பவரையும் தெரியும். அவர் போ என்றால் போக வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும்.

கேதீஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்திருக்கிறார். அந்த வசனம், பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதருக்கு ஒரு தீர்க்கதரிசி சொன்னது. அவர்களுடைய சிறையிருப்பைக் கடவுள் மாற்றுவார், முன்னோரின் தேசத்துக்குத் திரும்பிவரப்பண்ணுவார் என்பது அதன் பொருள். எட்வின் அதைப் படித்துக் கண் கலங்கி, கேதீஸின் தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறார். அந்தத் தட்டில் இருந்ததிலேயே மிகப் பெரிய ஆறுதல் இவருக்கு வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்.

உலகத்தின் எந்தப் பக்கத்திலும் அது ஆறுதலான வசனம்தான். திரும்பிப் போய்விடக் கூடாதே என்று ஒருவன் கடல் தாண்டி ஓடிவந்து அடைபட்டிருக்கும் இடத்தைத் தவிர.

ஞாயிறு மத்தியானம் எட்வினின் வேனில் போகும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்தா? எதுக்குக் கையெழுத்து?"

"திரும்பிப் போறதுக்கு. உங்கட அட்டை சொன்னதாம்."

எட்வின் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரும்ப வேண்டிய வெளிவழியை விட்டுவிட்டு நெடுஞ்சாலையில் நேரே போனார். அடுத்த வழியில் இறங்கிச் சுற்றிவர வேண்டியதாயிற்று. அதனால்தான் வாசலுக்கு வரும்போது இரண்டு பத்து ஆகிவிட்டது.

முற்றத்தில்

பார்வையாளர் முற்றத்தில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் மேசைகள். கம்பி வேலிக்கு அப்பால் யூக்கலிப்டஸ் மரங்களில் சிக்காடாப் பூச்சிகள் காதைத் துளைத்தன. நாற்பது டிகிரிக்குக் குறையாது.

கேதீஸ் முகம் கழுவி, சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு, தலை சீவியிருந்தார். பயணம் போகிறவரின் தோற்றம்.

"தம்பி, அந்த அட்டை..." என்று எட்வின் தொடங்கினார்.

"பத்திரமா வைச்சிருக்கிறன் ஐயா." சட்டைப் பையைத் தொட்டார்.

"அது நீங்க நினைக்கிற மாதிரி இல்லை தம்பி. அது பொதுவா உள்ள வார்த்தை."

"நீங்கள்தானே ஐயா சொன்னனீங்கள், இது உனக்கெண்டே ஆண்டவர் தந்தது எண்டு? தலையில கைவைச்சுச் சொன்னனீங்கள்."

"சொன்னேன்."

"மனுசர் எழுதினதில்லை, பொய்க்காது எண்டும் சொன்னனீங்கள்."

"பொய்க்காது" என்றார் எட்வின்.  வசனம் பொய் என்றால் அவருடைய வாழ்க்கையே பொய். வசனம் உண்மை என்றால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்து வைப்பார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கியது. அதை அவர் துடைக்கவில்லை.

திருமதி க்ளைன் பார்க்க வந்த ஈரானியருக்கு அன்று காய்ச்சல், வெளியே வரவில்லை. அதனால் தன் கேக்கையும் ஒரு போத்தல் கோர்டியல் பழப்பானத்தையும் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கேக்கை வெட்டினார். யாரும் எடுக்கவில்லை.

"யார் செத்தது?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். அட்டையை வாங்கி, தமிழில் இருந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். பாதியிலேயே அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மீதியை எனக்குப் புரியாத ஒரு மொழியில், வேகமாக, பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அவரே சொல்லி முடித்தார்.

பிறகு எட்வின் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் எட்வின், இதையா நீங்கள் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறீர்கள்?"

"மேடம், அது ஒரு ஆசீர்வாதம்..."

"என் ஆட்களிடம் சொன்னது அது. அழுதுகொண்டிருந்தவர்களிடம் சொன்னது. நீங்கள் எங்களைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு உலக முடிவுக்கு நேரம் பார்க்கிறீர்கள். பரவாயில்லை, பாருங்கள். அதை இந்த மனிதனின் தலையில் ஏன் கட்டினீர்கள்?"

எட்வின் தலை குனிந்தார். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கேதீஸ் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவவுக்கு இது பாடமோ அக்கா?"

"ஓம் தம்பி. இவவின்ர ஆக்களின்ர வேதம்தான் இது. முதல் இவையிட்டத்தான் வந்தது."

"அப்ப இவவிட்டக் கேளுங்கோ" என்றார். "வாக்கு இவையின்ரயெண்டால் இவவுக்குத்தானே விளங்கும். கடவுள் என்னைப் போகச் சொல்லுறாரோ இல்லையோ?"

ஒரு சொல்

திருமதி க்ளைனுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மேசையில் சிந்தியிருந்த கோர்டியலில் விரலைத் தொட்டு, பிளாஸ்டிக்கில் வலமிருந்து இடமாக எழுதினார். மூன்று கிளையுள்ள ஓர் எழுத்து. பக்கத்தில் திறந்த பெட்டி போல இன்னொன்று.

"உங்கள் மொழியில் சிறையிருப்பு என்று போட்டிருக்கிற இடத்தில் எங்கள் எபிரேயத்தில் இருக்கிற சொல் இது. இதற்கு வேர் எதுவென்று என் அப்பாவும் மாமாவும் என் சின்ன வயது முழுக்கச் சண்டை பிடித்தார்கள். சிறைப்பிடித்தல் என்ற வேரிலிருந்து வந்தது என்பார் மாமா. திரும்புதல் என்ற வேர் என்பார் அப்பா. இரண்டுக்கும் எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். சூப் ஆறிவிடும். அம்மா கரண்டியால் மேசையைத் தட்டுவாள்."

"யார் சொன்னது சரி?" என்று கேட்டார் எட்வின். பொறியாளரின் கேள்வி.

"முடிக்க நேரம் கிடைக்கவில்லை."

வெயிலில் எழுத்து காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சிறை என்றும் திரும்புதல் என்றும் வாசிக்கக்கூடிய அந்த ஒற்றைச் சொல் மேசையிலிருந்து மறைந்தது.

"அம்மா, நீங்கள் திரும்பிப் போனனீங்களோ?" என்று கேட்டார் கேதீஸ்.

"போனேன். போர் முடிந்ததும் என் ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் அம்மாவின் ஏப்ரனைக் கட்டியிருந்தாள். 'நீ இன்னும் இருக்கிறாயா?' என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகக் கேட்டாள். அன்று மாலை ரயிலில் கிளம்பிவிட்டேன்."

"ஆனா உங்க ஜனம் சொந்த தேசத்துக்குத் திரும்பினாங்கதானே, மேடம்?" என்றார் எட்வின். குரல் கெஞ்சியது. "அது நடந்துச்சுதானே?"

"என் அக்கா போனாள். இஸ்ரேலில், ஹைஃபாவில் இருக்கிறாள். அவளைக் கேட்டால் ஆமாம், எழுதியிருந்தபடியே நடந்தது என்பாள். நான் கப்பலேறி இங்கே வந்தேன். வாராவாரம் போனில் இதைத்தான் சண்டை பிடிக்கிறோம். எனக்கு போன் பில் எவ்வளவு வருகிறது தெரியுமா?"

கேதீஸ் சிரித்துவிட்டார். நான் மொழிபெயர்க்கும் முன்பே, 'போன் பில்' என்ற சொல்லைக் கேட்டே சிரித்துவிட்டார்.

வரிசை

அதற்குப் பிறகு திருமதி க்ளைன் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். நீதிமன்றத்தில் சாட்சியம் கேட்டுப் பழகிய காது என்பதால் பெரிய பிழை இருக்காது.

வேறொரு தீர்க்கதரிசி கண்ட காட்சியைச் சொன்னார். ஒரு பள்ளத்தாக்கு. அது நிறைய எலும்பு. மிகவும் உலர்ந்த எலும்பு. இவை உயிர் பெறுமா என்று கடவுள் கேட்கிறார். தீர்க்கதரிசி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. உமக்குத்தான் தெரியும் என்கிறார்.

யூதரின் பஸ்காப் பண்டிகை வாரத்து ஓய்வுநாளில் அதைத் தொழுகைக்கூடத்தில் வாசிப்பார்களாம். போர் நடந்த நாற்பத்துநான்காம் வருடம் வாசித்தது அவருடைய அப்பா. சில வாரங்களில் ஊரிலிருந்த யூதர் எல்லோரையும் நாஜிகளின் கொலை முகாமுக்குப் போகும் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள்.

"பெட்டிக்குள் உட்கார இடமில்லை. மேலே ஒரே ஒரு சின்னச் சாளரம், அதிலும் முள்கம்பி. அப்பா என்னையும் அக்காவையும் சுவரோடு சேர்த்து நிறுத்தி, முன்னால் தன் முதுகால் தடுத்துக்கொண்டு நின்றார். வரிசையைச் சொல்லுங்கள் என்றார். நாங்கள் சொன்னோம். எலும்பு எலும்போடு சேர்ந்தது. பிறகு நரம்பு. பிறகு சதை. பிறகு தோல். அப்போதும் அவற்றில் மூச்சு இல்லை. காற்றை நாலு திசையிலிருந்தும் கூப்பிட்டார்கள். மூச்சு வந்தது. எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகு கடைசியில்தான் தேசத்தைப் பற்றி வருகிறது. அப்பா அந்த இடத்துக்கு எங்களைப் போக விடவில்லை. மூச்சோடு நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். அந்தப் பெட்டிக்குள் எங்களுக்கு வேண்டியிருந்தது மூச்சு."

எட்வின் நிமிர்ந்தார். நூறு முறை அந்த அதிகாரத்தைப் பிரசங்கித்தவர். அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. எலும்பு, நரம்பு, சதை, தோல், மூச்சு. விரல்விட்டு எண்ணினார்.

"ஆமா சிஸ்டர்" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "தேசம் கடைசியிலதான் இருக்கு. நான் எப்பவும் கடைசியிலிருந்துதான் ஆரம்பிச்சிருக்கேன்."

"இந்த மனிதனுக்கு உங்கள் கடவுள் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது" என்றார் திருமதி க்ளைன். "எனக்குக் கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் மூச்சு இல்லாதவனை எந்தத் தேசத்துக்கும் கூட்டிப்போவதாக அதில் எழுதவில்லை. வரிசை அப்படி இல்லை."

அதைக் கேதீஸுக்குத் தமிழில் சொன்னேன்.  

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் எட்வின். "கடவுளோட பேச்சில்லைன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் இதை ஒரு வார்த்தை பிசகாம வச்சிருக்கீங்க?"

திருமதி க்ளைன் மேசையில் விழுந்த கேக் துகளை விரலால் ஒதுக்கினார். 

"தெரியவில்லை" என்றார். "அப்பாவின் முகம் மறந்துவிட்டது. போட்டோவும் இல்லை. இது மறக்கவில்லை."

 என் கண்ணுக்கு முன்னால் பிளாஸ்டிக் மேசையும் வெட்டிய கேக்கும் கம்பி வேலியும். ஆனால் பாபிலோன் ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் வாயைத் திறந்து சொன்ன வரிசை, எத்தனையோ பேர் வாய் மாறி, ஒரு சரக்குப் பெட்டிக்குள் இரண்டு பெண்பிள்ளைகளின் வாயில் நின்று, அங்கிருந்து வில்லாவுட் வரை ஓர் எலும்பு இடம் மாறாமல் வந்து சேர்ந்திருந்தது. அதைச் சொன்ன ஜனத்தை அழிக்கப் புறப்பட்ட அரசுகளின் பெயர்கள் எட்வினின் சுவரில் அம்புக்குறிகளுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது டிகிரி வெயிலில்.

அப்போதுதான் தெற்குக் காற்று வந்தது. சிட்னிக்காரர்களுக்கு அது தெரியும். கொதிக்கும் மாலையில், அறிவிப்பில்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி வரும். சிக்காடாக்கள் ஒரே நேரத்தில் அடங்கின. மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. காகிதத் தட்டுகள் பறந்தன. பக்கத்து மேசைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு அவற்றைத் துரத்தினார்கள். எட்வின் எழுந்து நின்றுவிட்டார். அவர் கன்னத்தில் வழிந்தது வியர்வையல்ல.

தென்காற்று வரும் என்று காலை வானொலியில் சொல்லியிருந்தார்கள். பழைய பத்திரிகைக்காரி என்பதால் அதையும் பதிந்துவிடுகிறேன்.

கேதீஸ் கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டை ஊதி, உடம்போடு ஒட்டி, மறுபடி ஊதியது. கழுத்தெலும்புகள் எவ்வளவு துருத்திக்கொண்டிருந்தன என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா" என்றார் கண்ணைத் திறக்காமல். "நாளைக்கு ஒபிசர் வரேக்க நான் மாட்டன் எண்டு சொன்னா ஏசுவாரோ?"

"ஏன் ஏசுறார்? வேண்டாம் எண்டு சொல்ல உமக்கு உரிமை இருக்கு."

"இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறது?"

சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். உச்சரிப்பைத் திருமதி க்ளைன், தன் ஹங்கேரிய உச்சரிப்பில், திருத்தினார். எட்வின் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

அதன் பிறகு

திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கேதீஸ் கையெழுத்து வைக்கவில்லை.

எட்வின் அடுத்த வெள்ளிக்கிழமை கராஜில் அந்தப் பள்ளத்தாக்கு அதிகாரத்தை எடுத்தார். மூச்சு வந்து அவர்கள் எழுந்து நின்ற இடத்தில் புத்தகத்தை மூடினார். கூட்டத்திலிருந்த ஒருவர், "அண்ணே, இன்னும் முடியலையே" என்றார். "இன்னைக்கு இவ்வளவுதான்" என்றார் எட்வின்.

திருமதி க்ளைன் இரண்டு குளிர்காலம் கழித்து இறந்தார். ஹைஃபாவிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார்.

கடைசி மேல்முறையீட்டில் கேதீஸுக்கு விசா கிடைத்தது. மனைவி வந்து சேர்ந்தார். செவன் ஹில்ஸில் வீடு, இரண்டு பெண்பிள்ளைகள். இதை எழுதும் இன்றுவரை அவர் இலங்கைக்குத் திரும்பிப் போகவில்லை.